உறுப்பினர் பதிவேடு: அக்சஸிலிருந்து சர்வருக்கு



இந்த மாதப் பாடம் கொஞ்சம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஆனா பயப்படாதீங்க. கணினித் துறையில் படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரிதான் எழுதியிருக்கு. கிளைச் செயலாளர்களும் பொருளாளர்களும் கண்டிப்பா ஒரு தடவை படிக்கணும். கணினித் துறையில் டிப்ளோமா, டிகிரி படிக்கிறவங்க இரண்டு தடவை படிங்க. உங்க முதல் வேலையிலேயே இது கைகொடுக்கலாம்.

பாடம் இதுதான்: மேசைக் கணினியில் அக்சஸ் கோப்பாக இருக்கும் ஒரு பதிவேட்டை, பல பேர் ஒரே நேரத்தில் நம்பிப் பயன்படுத்தக்கூடிய தரவுத்தள சர்வருக்கு எப்படி மாற்றுவது?

1. பிரச்சினை எங்கே இருக்கு?

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு சங்கத்தின், கோயிலின் அல்லது டியூஷன் சென்டரின் அலுவலகத்தை நினைச்சுப் பாருங்க. மூலையில் ஒரு கணினி. அதில் உறுப்பினர் பட்டியல், சந்தா, உபயம், கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். கணினி தெரிந்த ஒரு அண்ணன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு வார இறுதி உட்கார்ந்து செய்து கொடுத்திருப்பார். அவர் இப்போ கல்யாணம் பண்ணி ஜொகூர் போயிருப்பார். கோப்பு மட்டும் இன்னும் உழைக்குது.

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் 1992 நவம்பரில் வெளிவந்தது. திரைப்படிவம், அறிக்கை, தரவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுத்ததுதான் அதன் வெற்றி. நிபுணர் இல்லாமலே ஒரு சின்ன அலுவலகம் சொந்தமாகப் பதிவேடு செய்துகொள்ள முடிந்தது. அதனால் அக்சஸை யாரும் கேலி பண்ண வேண்டாம். அது செய்த உதவி பெரிது.

ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. ஒரே நேரத்தில் 255 பேர் வரை என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் பத்து இருபது பேர் சேர்ந்து எழுத ஆரம்பித்தாலே திணறும். ஒருவர் வைஃபையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் தானாகப் பதிவாகாது. கோப்பு கைக்குக் கிடைத்தால் போதும், மொத்தப் பதிவேட்டையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போய்விடலாம்.

2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீங்க. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர் ஏறிய வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மேசைக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் கதி என்ன ஆகும்? அதோடு சேர்ந்து இருபது வருஷப் பதிவேடும் போனால், எந்தப் பெரியவர் எவ்வளவு கொடுத்தார், எந்தப் பிள்ளைக்கு உதவி பாக்கி என்று யாரைக் கேட்பது?

2. சர்வர் என்றால் என்ன வித்தியாசம்?

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து தானே சோறும் குழம்பும் அள்ளிக்கொண்டால் எப்படி இருக்கும்? இரண்டு பேர் என்றால் சமாளிக்கலாம். இருபது பேர் என்றால் குழம்பு தரையில்தான் இருக்கும். அக்சஸ் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்வது இப்படித்தான். ஒவ்வொருவர் கணினியும் கோப்புக்குள் நேரடியாகக் கைவிடுகிறது.

தரவுத்தள சர்வரில் சமையலறைக்குள் வெளியாள் யாரும் நுழைய முடியாது. நீங்கள் கேட்பீர்கள், உள்ளே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதை அவர் பார்த்துக்கொள்வார். "கிள்ளான் கிளையில் சந்தா பாக்கி உள்ளவர்கள் யார்?" என்று கேட்டால் அந்த முப்பது பேரின் விவரம் மட்டும் வரும். மொத்தப் பட்டியலும் கம்பி வழியே ஓடி வராது.

இன்னொரு முக்கியமான விஷயம் பரிவர்த்தனை. உதவித்தொகை நிதியிலிருந்து 500 ரிங்கிட்டைக் கழித்து மாணவர் கணக்கில் சேர்க்க வேண்டும். கழித்த பிறகு, சேர்ப்பதற்கு முன் மின்சாரம் போய்விட்டால்? இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி வைத்தால், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. பாதியில் நிற்காது. அக்சஸிலும் ஓரளவு இதைச் செய்யலாம். ஆனால் மின்வெட்டுக்குப் பிறகு தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே நிமிர்ந்து எழுவது சர்வரின் பலம்.

தரவை அட்டவணைகளாகப் பிரித்து, உறவுகளால் இணைக்கும் இந்த முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் எல்லாம் அந்த ஒரே வித்தில் முளைத்தவை.

3. எல்லாரும் மாற வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒருவர் பயன்படுத்தும் 300 பேர் பட்டியல் என்றால் அக்சஸ் போதும். ஒழுங்காக நகல் எடுத்து வைத்தால் சரி. கீழே உள்ளவற்றில் இரண்டாவது பொருந்தினால் மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள்.

• ஒரே நேரத்தில் பல கிளைகள் எழுத வேண்டியிருக்கிறது.
• கோப்பு அடிக்கடி பழுதாகி "ரிப்பேர்" செய்ய வேண்டியிருக்கிறது.
• பணக் கணக்கும் அடையாள அட்டை எண்ணும் உள்ளே இருக்கின்றன.
• கைப்பேசியிலோ இணையத்திலோ பதிவு செய்ய வழி வேண்டும்.

எங்கே மாறுவது? பணம் குறைவான சங்கங்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, எஸ்.கியூ.எல். சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் எல்லை. ஒரு சங்கத்துக்கு அது தாராளம். இன்னொன்று, திறந்த மூல மென்பொருளான போஸ்ட்கிரஸ். உரிமக் கட்டணமே கிடையாது. அக்சஸ் படிவங்களை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் முதலாவது எளிது. புதிதாக இணையச் செயலி எழுதப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது நல்ல தேர்வு.

4. முதல் வேலை: கணக்கெடுப்பு

வீடு மாறும்போது முதலில் என்ன செய்வோம்? என்னென்ன சாமான் இருக்கு என்று பார்ப்போம். அதே மாதிரி, எத்தனை அட்டவணைகள், வினவல்கள், படிவங்கள், அறிக்கைகள், மேக்ரோக்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார் பயன்படுத்துகிறார்?" என்று எழுதுங்கள். பெயர் எழுத முடியாதவற்றை மாற்ற வேண்டாம், ஓரமாக வையுங்கள்.

அலுவலகத்தில் பல வருஷமாக டைப் செய்கிற அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "குறிப்பு கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கே, அது என்னக்கா?" என்று கேட்டால், "அவங்க காலமாயிட்டாங்க தம்பி, அதான் போட்டேன்" என்பார். இந்த விவரம் எந்த அட்டவணையிலும் எழுதியிருக்காது. அவரைக் கேட்காமல் மாற்றினால், இறந்தவர் வீட்டுக்குச் சந்தா நினைவூட்டல் கடிதம் போகும்.

5. இரண்டாவது வேலை: சுத்தம்

மாற்ற வேலையில் அதிக நேரம் எடுப்பது இதுதான். நம் நாட்டுப் பதிவேடுகளில் வழக்கமாகச் சிக்கும் நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

அடையாள அட்டை எண்: பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். இதை "எண்" வகைக் கட்டத்தில் சேமித்திருந்தால் முன்னால் உள்ள சைபர்கள் விழுந்துவிடும். 1985-ல் பிறந்தவருக்குப் பாதிப்பில்லை. 2003-ல் பிறந்தவரின் எண் 03 என்று தொடங்கும், ஒரு சைபர் போய்ப் பதினோரு இலக்கம்தான் மிஞ்சும். 2000 ஜனவரி 5-ல் பிறந்தவருக்கு 000105 என்பதில் மூன்று சைபர் போய்விடும். அதாவது, பெரியவர்கள் பதிவு சரியாக இருக்கும், உங்கள் வயதுப் பிள்ளைகளின் பதிவுதான் கெடும். உதவித்தொகை கேட்பவர்களும் அவர்கள்தானே? விண்ணப்பத்தில் உள்ள எண்ணும் பதிவேட்டு எண்ணும் பொருந்தாமல் ஒரு மாணவி பட்டியலிலிருந்து விழுந்துவிடலாம், யாரும் கவனிக்கவே மாட்டார்கள். கூட்டிக் கழிக்காத எந்த எண்ணையும் எழுத்து வகையாகவே வையுங்கள். தொலைபேசி எண்ணுக்கும் இதே விதிதான்.

இந்த எண்ணே ஒரு சோதனைக் கருவியும் ஆகும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிக் கட்டத்தோடு பொருந்துகிறதா? கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. அது சரியா? பொருந்தாத பதிவுகளைத் தனியே பட்டியல் எடுங்கள். ஊகித்துத் திருத்தாதீர்கள். உறுப்பினரை அழைத்துக் கேட்டுத் திருத்துங்கள்.

பெயர்: சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை ரூமியில் நான்கு விதமாக எழுதுகிறோம். நடுவில் வரும் "ஏ/எல்", "ஏ/பி" சில இடத்தில் சாய்கோட்டோடு, சில இடத்தில் வெறும் இடைவெளியோடு, சில இடத்தில் "அனாக் லெலாக்கி" என்று முழுதாக இருக்கும். அதனால் பெயரை வைத்து "இவர் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார்" என்று முடிவு கட்டாதீர்கள். அடையாள அட்டை எண்ணை வைத்துப் பாருங்கள். பெயரை அட்டையில் உள்ளபடியே வைத்து, தந்தை பெயருக்குத் தனிக் கட்டம் கொடுங்கள்.

தமிழ் எழுத்து: பழைய பதிவேட்டில் தமிழ் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடு பரவும் முன் தமிழுக்குத் திஸ்கி, டேப், டேம் என்று பல குறியீடுகள் இருந்தன. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால்தான் அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் எழுதினோம். அப்படி எழுதியது, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அது கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள்! எந்தக் குறியீடு என்று கண்டுபிடித்து, மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். சர்வரிலும் சரியான கட்ட வகை வேண்டும். எஸ்.கியூ.எல். சர்வரில் "வார்ச்சார்" கட்டத்தில் யூனிகோடு தமிழைப் போட்டால் பொதுவாக வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். "என்வார்ச்சார்" வேண்டும். நீளமும் பாருங்கள். "கிருஷ்ணன்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் ஒன்பது குறியீடு. கட்டத்தைத் தாராளமாக வையுங்கள்.

அநாதைப் பதிவுகள்: சந்தா அட்டவணையில் பணம் கட்டியதாக இருக்கும். ஆனால் அந்த உறுப்பினர் எண் உறுப்பினர் அட்டவணையில் இருக்காது. யாரோ எப்போதோ அழித்திருப்பார்கள். இணைப்பு விதி போட்ட சர்வர் இப்படிப்பட்ட பதிவை ஏற்காது. அதை எரிச்சலாக நினைக்காதீர்கள். பழைய கோப்பு மறைத்து வைத்ததைச் சர்வர் காட்டிக்கொடுக்கிறது. பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள்.

6. மூன்றாவது வேலை: வடிவம்

"பிள்ளை1, பிள்ளை2, பிள்ளை3" என்று கட்டங்கள் இருந்தால், நான்காவது பிள்ளையை எங்கே எழுதுவது? குடும்பத்துக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கு ஓர் அட்டவணை, பணத்துக்கு ஓர் அட்டவணை. ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

கட்ட வகைகளில் கவனிக்க வேண்டியவை:

• தேதி: அக்சஸ் கி.பி. 100-ஆம் ஆண்டிலிருந்து தேதியை ஏற்கும். எஸ்.கியூ.எல். சர்வரின் பழைய "டேட்டைம்" வகை 1753-க்கு முந்தியதை ஏற்காது. யாராவது 1975-க்குப் பதில் 0975 என்று தட்டியிருந்தால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். முன்கூட்டியே மிகப் பழைய தேதியையும் மிகப் புதிய தேதியையும் தேடிப் பாருங்கள்.
• ஆம்/இல்லை: அக்சஸில் "ஆம்" என்பது கழித்தல் 1. சர்வரில் அது 1. "கழித்தல் 1-க்குச் சமமானவை" என்று எழுதிய பழைய வினவல் சர்வரில் ஒன்றையும் காட்டாமல் போகலாம். இந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் இயல்பு மதிப்பு 0 கொடுங்கள். இல்லையென்றால், யாருமே தொடாத பதிவைச் சேமிக்கும்போதும் "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று அக்சஸ் தகராறு செய்யும். அட்டவணைக்கு ஒரு "ரோவெர்ஷன்" கட்டம் சேர்ப்பதும் நல்லது.
• பணம்: தசம வகையில் வையுங்கள். மிதவைப் புள்ளி வகையில் வைத்தால் சென் கணக்கு இடிக்கும்.
• காலி: "தெரியாது" என்பதும் "ஒன்றுமில்லை" என்பதும் வேறு வேறு. ஒரு முறையைத் தீர்மானித்து அதையே பின்பற்றுங்கள்.

7. நான்காவது வேலை: ஒத்திகை

மேடை நாடகம் போடுமுன் ஒத்திகை பார்க்காமல் இருப்போமா? அசல் கோப்பைத் தொடாமல், நகலை வைத்து மாற்றிப் பாருங்கள். எஸ்.கியூ.எல். சர்வருக்கு மைக்ரோசாஃப்டே ஓர் இலவச இடமாற்ற உதவிக் கருவி தருகிறது. அக்சஸுக்குள்ளேயே இருந்த பழைய "அப்சைசிங் விசார்ட்" 2013 பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பாடநூலைப் பார்த்து அதைத் தேடாதீர்கள்.

எளிய வழி இது: தரவு அட்டவணைகளை மட்டும் சர்வருக்கு மாற்றி, அக்சஸ் படிவங்களை ஓ.டி.பி.சி. இணைப்பு மூலம் அதோடு கட்டுங்கள். டைப் செய்கிற அக்காவுக்குத் திரை மாறாது. அவருக்குப் பழகிய படிவம், நமக்குப் பத்திரமான கிடங்கு. புதிய செயலியைப் பிறகு நிதானமாக எழுதலாம்.

மாற்றிய பிறகு "ஓடுது" என்று சொன்னால் போதாது. கணக்குக் காட்ட வேண்டும்.

• ஒவ்வோர் அட்டவணையிலும் பதிவு எண்ணிக்கை பழையதும் புதியதும் சமமா?
• வருடவாரியாகச் சந்தாத் தொகைக் கூட்டல் சென் வரை சமமா?
• இருபது உறுப்பினர்களைக் குலுக்கி எடுத்து, ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் சரியா?
• சங்கப் பதிவிலாகாவுக்குப் போன கடைசி ஆண்டறிக்கைக்கான பட்டியலைப் புதிய இடத்திலிருந்து மறுபடி எடுக்க முடிகிறதா?

எண்ணிக்கை பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 2020-ல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது என்பதைக் கவனிக்காததால், கிட்டத்தட்ட 16,000 கோவிட் நோயாளிகளின் விவரம் பட்டியலில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை தாமதமானது. விழுந்த வரி ஒவ்வொன்றும் ஓர் ஆள்.

தரவு சரியாகப் போனாலும் வேலை முடிந்துவிடாது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் 5 மில்லியனுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்கை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு சரியாகத்தான் போனது. ஆனால் புதிய அமைப்பு அத்தனை பேரின் பாரத்தைத் தாங்கவில்லை. பலர் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண்டு அபராதம். பெரிய வங்கிக்கே இந்தக் கதி என்றால், நாம் ஒத்திகை பார்க்காமல் இறங்கலாமா?

8. மாற்றும் நாள்

தைப்பூச வாரத்திலும் ஆண்டுக்கூட்ட மாதத்திலும் வேண்டவே வேண்டாம். ஆள் ஓய்வாக இருக்கும் ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளி மாலையோடு பழைய கோப்பில் எழுதுவதை நிறுத்துங்கள். அவசரமாக ஏதாவது வந்தால் காகித ரசீது போடுங்கள். மாற்றுங்கள், கணக்குப் பாருங்கள். ஞாயிறு மதியத்துக்குள் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் பழையதுக்கே திரும்புங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. "எந்த நேரத்துக்குள் சரிவராவிட்டால் திரும்புவோம்" என்பதை முன்னாலேயே தாளில் எழுதி வைப்பதுதான் முக்கியம். பழைய கோப்பை அழிக்காமல், படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டி, குறைந்தது ஓர் ஆண்டுக் கணக்கு முடியும்வரை வையுங்கள்.

9. மாறிய பிறகு: பூட்டும் நகலும்

எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். பொருளாளர் பணத்தைப் பார்க்கட்டும். வகுப்பு நடத்தும் தம்பிக்கு மாணவர் பெயரும் பெற்றோர் தொலைபேசி எண்ணும் போதும், அடையாள அட்டை எண் தேவையில்லை.

நம் நாட்டின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அது வணிகப் பரிவர்த்தனைகளைக் குறித்துப் பேசுகிறது. சமய நம்பிக்கை பற்றிய விவரத்தை நுண்ணிய தரவு என்று தனியாகவே குறிப்பிடுகிறது. 2024-ல் செய்த திருத்தத்தால், தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமையும் 2025 ஜூன் 1 முதல் வந்திருக்கிறது. உங்கள் சங்கம் சட்டத்தின் எந்த வரியில் வரும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆனால் நம்மை நம்பித் தன் அட்டை எண்ணையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தவருக்கு நாம் பட்ட கடமைக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

நகல்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கிள்ளானில் சர்வர் இருந்தால் ஒரு நகல் கிள்ளானில் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நம்பாதீர்கள்.

கடைசியாக, இரண்டு பேர். எந்த அமைப்பையும் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது. செய்ததையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி, கடவுச்சொல்லை மூடிய உறையில் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். அண்ணன் ஜொகூர் போனாலும் பதிவேடு இங்கேயே இருக்கும்.

கிளைக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நம் கிளையின் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது? அந்தக் கணினி நாளைக்கு எரிந்துபோனால் எதை இழப்போம்?
2. பதிவேட்டில் நமக்குத் தேவையே இல்லாத தனிநபர் விவரம் எது? அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்?
3. 2000-க்குப் பிறகு பிறந்த உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களில் எத்தனை பன்னிரண்டு இலக்கத்துக்குக் குறைவாக உள்ளன?

செய்முறைப் பயிற்சி: இந்த வாரமே மூன்றாவது கேள்விக்கு விடை எடுங்கள். பத்து நிமிட வேலைதான். பட்டியல் வந்ததும் ஒவ்வொருவரையும் கைப்பேசியில் அழைத்து எண்ணைச் சரிபாருங்கள். அப்படியே, "எப்படி இருக்கீங்க? கிளைக்கு வந்து நாளாச்சே?" என்றும் கேட்டுவிடுங்கள்.